ரெண்டாவது சங்கு

சுரைக்காப்பட்டி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டாலே "இங்கதான் இருக்கு" என்று காலுக்குக் கீழே கையைக் காட்டுவார்கள். அதுக்கு மேல் விசாரிக்க யாருக்கும் தெம்பு இருந்ததில்லை.

அந்த ஊரில் பூதத்தான் என்று ஒருவர். சொன்ன சொல்லைத் தட்டாத மனுசர். "கொஞ்சம் இருங்க, வந்துர்றேன்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால் அந்த இடத்திலேயே இருப்பார். சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மறுநாளும் வந்து இருப்பார்.

தை மாசம் மூணாவது செவ்வாய் அந்த ஊர் மழைகாத்தம்மனுக்குக் கொடைத் திருவிழா. ஒவ்வொரு வருசமும் ஒரு குடும்பத்துக்கு முறை வரும். அந்த வருசம் பூதத்தான் முறை. முறைக்காரர் தலையில் பூசாரி பட்டுத் துணியால் பரிவட்டம் கட்டுவார். அம்மனைத் தூக்கிவரும் சப்பரத்தின் முன்கொம்பை முறைக்காரர்தான் தோளில் தாங்குவார். பெருமை பெரிசுதான், ஆனால் கட்டுப்பாடும் பெரிசு. அம்மன் கோயிலைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வருகிற வரைக்கும் மேளம் நிற்கக் கூடாது. நின்றால் நின்ற இடத்திலேயே அம்மன் உட்கார்ந்துவிடுவாள். அதோடு, கோயிலில் விளக்கேற்றுவதற்கு முன்னால் அவள் உள்ளே வந்துவிட வேண்டும். இதில் எது தப்பினாலும் அந்தக் குடும்பத்துக்கு இனிமேல் முறை கிடையாது.

பூதத்தான் பயந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் அப்பாவுக்கு முறை வந்த வருசம் அப்போதைய பூசாரி, "எங்கேயும் நிக்காம ஊரைச் சுத்தி வாங்க" என்று சொல்லி அனுப்பினார். அப்பா நிற்கவே இல்லை. மறுநாள் பால்காரன் வருகிற வரைக்கும் சப்பரம் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கோயில் வாசலைத் தாண்டும்போதெல்லாம் பூசாரி, "உள்ள வாரும்வே!" என்று கத்த, "நிக்கக் கூடாதுன்னு நீருதானவே சொன்னீரு!" என்று இவர் பதிலுக்குக் கத்திக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனாராம். அன்றைக்கே முறையைப் பிடுங்கியிருப்பார்கள். "சரி, மகன் காலத்துல பாப்போம்" என்று ஒத்திப்போட்டார்கள். இப்போது மகன் காலம் வந்துவிட்டது.

"இந்தத் தடவையும் கோளாறாச்சுன்னா ஊருக்குள்ள எம்மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்க?" என்று பூதத்தான் பெண்சாதி ஆவுடைத்தங்கத்திடம் புலம்பினார்.

"வழக்கமா வைக்கிற இடத்துலயே வையுங்க. புதுசா இடம் தேடாதீங்க, தொலைச்சிருவீங்க" என்றாள் அவள்.

கொடைக்கு முந்தின வாரம் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். அரசமரத்தடியில் ஊர் கூடியது.

"வர்ற செவ்வாய்க்கிழமை தியாகிகள் நினைவு நாள்" என்றார் தாசில்தார். "நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவங்களை நாடு முழுக்க நினைக்கிற நாள். காலையில பதினோரு மணிக்கு உங்க அரிசி மில்லுல சங்கு ஊதணும்."

மில்லில் பெரிய மின்சாரச் சங்கு ஒன்று உண்டு. சுவிட்சைத் தட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும்.

"சங்கு ஊதினதும் யாரு எங்க இருந்தாலும் செய்யற வேலையை அப்படியே விட்டுட்டு நிக்கணும். அசையக் கூடாது. மூச்சுச் சத்தம்கூடக் கேக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது சங்கு ஊதும். அது ஊதினப்புறம்தான் அசையணும். அன்னிக்கு உங்க கொடைன்னு தெரியும். கொடையை நான் நிறுத்தச் சொல்லலை. ஆனா அந்த நேரத்துல சத்தம் வந்துச்சு, அடுத்த வருஷம் கொடைக்கு அனுமதி தர மாட்டேன்."

மில்லில் வேலை பார்க்கிற கொம்பையா மெதுவாக எழுந்தான். அவன்தான் சங்குக்குப் பொறுப்பு.

"நானும் நிக்கணுமா சார்?"

"நீ மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சியா? எல்லாரும்தான்!"

"சரிங்க சார்" என்று கொம்பையா உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு சந்தேகம் தீர்ந்தது. ஊருக்குப் பெரிய சங்கடம் அந்த இடத்தில்தான் பிறந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

ஜீப் போனதும் பூசாரி பலவேசம் தொண்டையைச் செருமினார். ஊரிலேயே யோசனைக்குப் பேர்போனவர் அவர். ஒரு தடவை யோசித்தால் ஊர் ஒரு மாசம் கஷ்டப்படும்.

"மேளம் நிக்கக் கூடாதுன்னு அம்மன் சொல்லுதா. சத்தம் வரக் கூடாதுன்னு சர்க்கார் சொல்லுது. என்னய்யா செய்ய?"

"சத்தமில்லாம அடிக்கலாம்" என்றார் பூதத்தான்.

மேளக்காரன் தளவாய் முறைத்தான். "வாய் மூடிட்டுப் பாட்டுப் பாடும், பாப்போம்."

"தவிலுக்கு மேல தலையணையைக் கட்டிட்டா?"

"அப்ப அம்மனுக்கும் கேக்காதே. கேக்கலன்னா நின்னுட்டுன்னுதான நெனைப்பா?"

எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். பலவேசம் கண்ணை மூடினார். வெகு நேரம் கழித்துத் திறந்தார்.

"தெக்குத் தெருப் படிக்கிணறு வறண்டுதான கெடக்கு? தளவாயை அதுக்குள்ள இறக்கி அடிக்கச் சொல்லுவோம். அந்த நேரத்துல சப்பரம் கிணத்துப் பக்கத்துல நிக்கட்டும். அம்மன் எட்டிப் பாத்தா மேளம் தெரியும். சத்தம் வெளிய வராது."

"எப்படிப் பூசாரி வராது?"

"எம் பித்தளைச் செம்பு அதுல விழுந்து ஒரு வருசமாச்சு. இன்னிக்கு வரைக்கும் வெளிய வரலியே. செம்புக்கே வழி தெரியல, சத்தத்துக்கு மட்டும் எவன்வே வழி சொல்லுவான்?"

ஊர் தலையை ஆட்டியது. ஆனாலும் பூதத்தான் விடவில்லை. அவருக்குக் குடும்ப மானம். "சோதிச்சுப் பாத்துருவோம்" என்றார். சரியென்று ஊரே கிளம்பிப் போய்க் கிணற்றுக்குள் இறங்கியது. தளவாய் அடித்தான். காது கிழிந்தது.

"பாத்தீங்களாவே?" என்றார் பலவேசம், காதைப் பொத்திக்கொண்டு. "சத்தம் முழுக்க உள்ளதான் இருக்கு. ஒரு பொட்டு வெளிய போகல."

கூட்டம் ஆமோதித்தது. வெளியே நின்று கேட்க ஊரில் ஆள் மிச்சம் இல்லை.

"அடிக்க ஆரம்பிச்சா வெளிய இருந்து கூப்பிடுறது எனக்குக் கேக்காதே" என்றான் தளவாய்.

"ரெண்டாவது சங்கு ஊதினதும் ஒரு தேங்காயைத் தூக்கிப் போடுதேன்" என்றார் பூதத்தான். "தேங்காய் விழுந்தா மேல வா. விழாட்டி வராத. கையை மட்டும் நிறுத்திராத மக்கா, எங்குடும்பமே உன் கையில இருக்கு."

அடுத்த சிக்கலை ஆவுடைத்தங்கம் கிளப்பினாள். பெண்கள் கோயில் வாசலில் பொங்கல் வைப்பார்கள். பானை பொங்கினால் குலவை போட வேண்டும். "ரெண்டு சங்குக்கும் நடுவுல பொங்குச்சுன்னா?"

"பானைகிட்டச் சொல்லி வையி" என்றார் பலவேசம்.

"சொன்னாக் கேக்குமா?"

"உம் புருசன் கேக்காரா இல்லியா? அந்த மாதிரி சொல்லு."

கடைசியாகத்தான் முக்கியமான விசயத்துக்கு வந்தார்கள். உயிரைக் கொடுத்தவர்களை நினைக்க வேண்டும். யாரை நினைப்பது? சுரைக்காப்பட்டியிலிருந்து பட்டாளத்துக்குப் போனது ஒரே ஒருத்தன்: பேச்சியம்மாள் மகன் சுடலைமணி. பனிமலைப் பக்கம் காவலுக்குப் போனவன் பெட்டியில்தான் திரும்பி வந்தான். பேச்சியம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"சுடலைமணியையே நெனைப்போம்" என்றார் பூதத்தான்.

"ஊரு மொத்தமும் ஒரே ஆளை நெனைச்சா நெரிசலாயிராதா?" என்று கேட்டான் கொம்பையா.

நியாயமான கேள்விதான். அதனால் சுடலைமணியைப் பங்கு பிரித்தார்கள். அவன் மீசை வடக்குத் தெருவுக்கு. சைக்கிள் கொம்பையாவுக்கு. பந்தியில் அவன் சாம்பார் ஊற்றுகிற வேகம் பலவேசத்துக்கு. நடை தளவாய்க்கு. இப்படியே எல்லாவற்றையும் கொடுத்த பிறகு பூதத்தானுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

"சிரிப்பு இருக்கே" என்றாள் பேச்சியம்மாள், வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதை யாரும் எடுக்கலியே."

"அப்ப அது எனக்கு, யத்தே" என்று பூதத்தான் வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பூதத்தான் தலையில் பரிவட்டம், தோளில் முன்கொம்பு. அம்மன் கழுத்தில் ரோஜாவும் அரளியும் கலந்து கட்டிய மாலை தொப்புள் வரைக்கும் தொங்கியது. முன்னால் தளவாய் தவிலில் பிளந்துகட்டினான். சப்பரத்தின் பின்னால் நேர்ச்சைக்கடா ஒன்று, கயிற்றைப் பிடித்தபடி ஒருத்தன். பூசாரி பலவேசம் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, தீப்பெட்டியும் கையுமாக நடையில் உட்கார்ந்தார். சாயங்காலம்தான் விளக்கேற்றுவார் என்றாலும், மறந்துவிடக் கூடாதே என்று காலையிலேயே குச்சியைக் கையில் எடுத்துவிடுவார்.

சப்பரம் படிக்கிணற்றுப் பக்கம் வந்ததும் தளவாய் அடித்தபடியே படியில் இறங்கி உள்ளே மறைந்தான்.

மில்லுச் சங்கு ஊதியது.

அந்த மாதிரி ஒரு நிற்பை உலகம் கண்டிருக்காது. பூதத்தான் ஒரு காலைத் தூக்கியிருந்தார். அது தூக்கியபடியே நின்றது. கோயில் வாசலில் ஆவுடைத்தங்கம் கரண்டியோடு குனிந்தபடி நின்றாள். கொட்டாவி விட வாயைத் திறந்த பலவேசம் திறந்த வாயோடு நின்றார். "செய்யற வேலையை அப்படியே விட்டுட்டு" என்று தாசில்தார் சொல்லியிருந்தாரே, அதனால் கடாவைப் பிடித்தவன் கயிற்றை விட்டுவிட்டு நின்றான்.

கடா மட்டும் நிற்கவில்லை. அதற்கு யாரும் சொல்லவில்லை.

பூதத்தான் சுடலைமணியின் சிரிப்பை நினைத்தார். கிணற்றுக்குள்ளேயிருந்து தவில் அதிர்வது காதில் விழுந்தது. 'சத்தம் உள்ளதான் இருக்கு, நம்ம காதுதான் போய்க் கேட்டுட்டு வருது' என்று காதைக் கண்டித்துவிட்டு, மறுபடியும் சிரிப்பை நினைத்தார். எப்படியும் ரெண்டு நிமிசம் ஆகியிருக்கும். இந்தா ஊதிவிடும் என்று காத்திருந்தார்.

ஊதவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. ஊதவில்லை. காக்கா ஒன்று பூதத்தான் பரிவட்டத்தில் உட்கார்ந்து, பட்டு நூலை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனது. மூக்கு நுனியில் நமைச்சல் எடுத்தது. அம்மனுக்குப் படைத்த வாழைப்பழத்தைக் கடா சீப்போடு தின்றது. அப்புறம் முன்னங்காலைச் சப்பரத்தில் வைத்து எழும்பி அம்மன் மாலையைப் பிடித்தது. ரோஜாவை முதலில் தின்றது. அரளியை வாயில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் துப்பியது. பூதத்தான் கண்ணுக்கு நேரே இத்தனையும் நடக்கிறது. 'எட்டி ஒரு உதை விட்டா என்ன? காலு தூக்கித்தான இருக்கு' என்று நினைத்தார். தாசில்தாரை நினைத்துக்கொண்டார். காலை ஆட்டவில்லை.

கோயில் வாசலில் பானைகள் பொங்கின. பெண்கள் வாய்வரைக்கும் வந்த குலவையைப் பல்லைக் கடித்து உள்ளே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பொங்கிய நுரை அடுப்பை அணைத்தது. ஆவுடைத்தங்கம் பானையைப் பார்த்த பார்வை பூதத்தானுக்குத்தான் பழக்கம்.

இத்தனைக்கும் மில்லில் கொம்பையா ஒரு தப்பும் செய்யவில்லை. பதினோரு மணிக்குச் சுவிட்சைத் தட்டினான். ஊதி முடிந்ததும், எல்லாரையும் போலவே அசையாமல் நின்றான். ரெண்டாவது சங்கு ஊதின பிறகுதானே அசைய வேண்டும்? அது எப்போது ஊதும் என்று, சுவிட்சுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு, சுடலைமணியின் சைக்கிளை நினைத்தபடி காத்திருந்தான். "இன்னிக்கு எவனோ மறந்து தொலைச்சிட்டான்" என்று அவனுக்கு மனசுக்குள் கோபம்கூட வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் தாசில்தாரின் ஜீப் அந்த வழியாக வந்தது. ஊருக்குள் நுழைந்தவர் அசந்துபோனார். நினைவு நாளன்று சாயங்காலம்வரை ஒரு ஊரே சிலையாக நிற்கிறது! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீப்பைவிட்டு இறங்கி அவரும் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பூமிக்கடியில் எங்கேயோ திம்திம்மென்று கேட்டது. தன் நெஞ்சுதான் உணர்ச்சியில் அடிக்கிறது என்று நினைத்து நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் கடா, அம்மன் மாலையின் கடைசி நாரை மென்றபடி அவரைக் கடந்து போனது.

"ஏம்ப்பா, எப்போலேர்ந்து நிக்கறீங்க?" என்றார்.

பூதத்தான் கண்ணை மட்டும் உருட்டினார்.

"போதும்ப்பா! காலைக் கீழ வை!"

பூதத்தான் வைக்கவில்லை. சங்கு ஊதினால்தான் அசைய வேண்டும் என்று சொன்னவர் இவர்தான். இப்போது சங்கு இல்லாமல் அசையச் சொல்லி நம்மைச் சோதிக்கிறார்; ஏமாறக் கூடாது என்று இன்னும் விறைப்பாக நின்றார்.

தாசில்தாருக்கு விசயம் புரிந்தது. மில்லுக்கு ஓடினார்.

"யோவ், ரெண்டாவது சங்கை ஊதுய்யா!"

கொம்பையா அசையவில்லை. தாசில்தாரே எட்டிச் சுவிட்சைத் தட்டினார். சங்கு ஊதியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஊருக்கு வெளியே போகிற பாதையில் ஜீப்பை விரட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

ஊருக்கு உயிர் வந்தது. காலையிலிருந்து கடித்து வைத்திருந்த குலவை மொத்தமும் ஒன்றாக வெடித்தது. பூதத்தான் காலைக் கீழே வைத்தார், மூக்கைச் சொறிந்தார், தேங்காயை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார்.

மில்லில் கொம்பையாவுக்கும் உயிர் வந்தது. "நல்ல மனுசன், நம்மளை விடுவிச்சுட்டுப் போறாரு" என்று ஜீப் போன திசையைக் கும்பிட்டான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: ரெண்டாவது சங்கை ஊத வேண்டிய வேலை அவனுடையது அல்லவா? அது பாக்கி நிற்கிறதே! அவசரமாகச் சுவிட்சைத் தட்டினான்.

சங்கு ஊதியது. ஊர் நின்றது. கொம்பையாவும் நின்றான்.

பூதத்தானுக்கு இந்தத் தடவை மற்றக் கால் தூக்கியிருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

சூரியன் பனைக்குப் பின்னால் இறங்கியது. விளக்கேற்றுகிற நேரம். அம்மன் இன்னும் தெருவில். பூதத்தானுக்கு அழுகை முட்டியது. 'அப்பா நிக்காம முறையைக் கெடுத்தாரு, நான் நின்னே கெடுக்கப் போறேன்' என்று நினைத்தார். சுடலைமணியின் சிரிப்பை நினைத்துப் பார்த்தார். சின்ன வயசில் இப்படித்தான் ஒரு நாள், மரமேறி விளையாடும்போது "நான் சொல்லுத வரைக்கும் எறங்காத" என்று இவரைப் பூவரச மரத்தில் ஏற்றிவிட்டுச் சுடலைமணி வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டான். காலையில் வந்து பார்த்தபோது இவர் மரத்திலேயே இருக்க, அவன் டவுசர் நழுவுகிற அளவுக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் நன்றாகவே கேட்டது. பூதத்தானுக்கும் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினார்.

அந்த நேரத்தில் கிணற்றுப் படியில் ஒரு தலை தெரிந்தது. தளவாய்.

தேங்காய் தவில் மேலேயே விழுந்திருந்தது. அடிக்கிற கையை நிறுத்தாமல் அத்தனை படியும் ஏற அவனுக்கு இவ்வளவு நேரம். கிணற்றுக்குள் அவன் தவிலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. சங்கு ஒன்றா, ரெண்டா, மூன்றா என்பது அவனுக்கும் கடாவுக்கும் மட்டும் தெரியாது.

"ஏன் அண்ணாச்சி எல்லாரும் நிக்கீங்க? தேங்காய் விழுந்துட்டே?" என்று அடித்துக்கொண்டே கேட்டான்.

பூதத்தான் கண்ணை உருட்டி மில்லுப் பக்கம் காட்டினார்.

தளவாய் அடித்துக்கொண்டே மில்லுக்குப் போனான். கொம்பையா சுவிட்சுக்குப் பக்கத்தில் சிலையாக நின்றான். "என்னலே, ஊதணுமா?" என்று அடித்துக்கொண்டே கேட்டான். சுவிட்சைத் தட்டக் கை வேண்டும். கையை எடுத்தால் மேளம் நின்றுவிடும். தளவாய் கொஞ்சம் பின்னால் போய், ஓடி வந்து, நெற்றியால் முட்டினான்.

சங்கு ஊதியது. கொம்பையா தன் கணக்கில் இருந்த சங்கு ரெண்டையும் ஊதி முடித்திருந்ததால், இனி நமக்கு வேலை இல்லை என்று நிம்மதியாகக் கதவைப் பூட்டினான்.

சப்பரம் பறந்தது. இருட்டிவிட்டது, நட்சத்திரம் வந்துவிட்டது. "போச்சு, போச்சு" என்று முனகிக்கொண்டே பூதத்தான் கோயிலுக்குள் அம்மனை இறக்கினார். பலவேசம் வேர்வையில் நமுத்துப்போன குச்சியை இன்னும் உரசிக்கொண்டிருந்தார். விளக்கு ஏற்றாமல் இருந்தது. சங்குக்கும் சங்குக்கும் நடுவில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவர் காலையிலிருந்து பாதியில் நின்ற கொட்டாவியைத்தான் விட்டு முடித்தார், விளக்குக்கு நேரமில்லை.

"விளக்கேத்துறதுக்கு முன்னாடியே அம்மன் வந்துட்டா" என்று பலவேசம் தீர்ப்புச் சொன்னார். "மேளமும் நிக்கல. முறை தப்பல. பூதத்தான் குடும்பத்துக்கு இனி எப்பவும் முறை உண்டு."

பூதத்தான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ரெண்டு காலும் ஒன்றாக ஓய்வெடுத்தது காலையிலிருந்து அப்போதுதான்.

கடாவை வெட்டலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அம்மன் மாலை அதன் வயிற்றுக்குள் இருப்பதால், மாலை இருக்கிற இடத்தில் அரிவாள் படக் கூடாது என்று முடிவாயிற்று. மாலை அம்மன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால், கடா அன்றைக்குக் கருவறை வாசலில் படுத்துத் தூங்கியது.

எல்லாரும் கலையும்போது பேச்சியம்மாள் பூதத்தானிடம் வந்தாள்.

"வருசா வருசம் ரேடியோவுல ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லுவான். ரெண்டு நிமிசத்துல அவன் பல்லு விளக்கிக்கூட முடிக்க மாட்டான், சோம்பேறிப் பய. இன்னிக்குத்தான் அவனுக்குத் தக்கன நின்னீங்க." அப்புறம் கேட்டாள்: "சிரிப்பை நெனைச்சியா?"

"கேட்டேன் யத்தே. இன்னும் கேட்டுட்டே இருக்கு."

"அப்ப அதை நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் தாசில்தார் வந்தார். மாவட்டத்திலேயே அதிக நேரம் மௌனம் காத்த ஊர் இதுதான் என்று மேலிடத்தில் சொல்லி, ஒரு சால்வையும் வாங்கி வந்திருந்தார். பூதத்தானுக்குப் போர்த்தினார். அரசமரத்தடியில் ஊர் கைதட்டியது.

"எல்லாம் சரி" என்றார் தாசில்தார் பயந்துகொண்டே. "அடுத்த வருஷம் இப்படி ஆகாம இருக்க ஏதாவது யோசிச்சீங்களா?"

"ராவும் பகலும் யோசிச்சோம் சார்" என்றார் பலவேசம். "மொதல் சங்குல ஒரு கோளாறும் இல்ல. எல்லாக் கோளாறும் ரெண்டாவது சங்குலதான். அது வருமா வராதான்னு காத்துக் கெடந்துதான இத்தனை பாடு? அதனால அடுத்த வருசம் ரெண்டாவது சங்கை மொதல்ல ஊதிரப் போறோம். அது முடிஞ்சிட்டுன்னா அப்புறம் நிம்மதியா மொதல் சங்கை ஊதி நிக்கலாம்."

தாசில்தார் வாய் லேசாகத் திறந்தபடி, சால்வைக் கவர் கையில் தொங்க, அசையாமல் நின்றார்.

ஊர் அவரையே பார்த்தது.

"சார் நின்னுட்டாரு" என்று பூதத்தான் மெல்லச் சொன்னார்.

"யாரையோ நெனைக்காரு" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"பாவம், இப்படியே எவ்வளவு நேரம் நிப்பாரு? அந்தக் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். ஏலே கொம்பையா, ஓடு! ஓடிப்போய்ச் சங்கை ஊதி அவரை விடுவி!" என்றார் பூதத்தான்.

கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். தெருமுனை வரைக்கும் போனவன் திரும்பி வந்தான்.

"எந்தச் சங்கு அண்ணாச்சி? மொதலா, ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதாம்லே. அதுதான் விடுவிக்கும்."

"மொதல் சங்கு ஊதாமலே நிக்காரே. அப்ப ரெண்டாவதை ஊதினா அதுதான மொதலு?"

பூதத்தான் யோசித்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். பலவேசம் கண்ணை மூடினார். ஊர் சுற்றி உட்கார்ந்தது.

தாசில்தார் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.